இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா?

அஸர் தொழுதுவிட்டுப் பிளேன்டீயோடு உட்காரும் நேரம். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டுக்குக் கீழே குடியிருக்கும் மாமி மேலே வந்தால், பேச்சு மஃரிப் பாங்கு கேட்கும்வரை நீளும். எழுபதை எட்டியவர். 1977இல் முதன்முதல் வாக்களித்தவர். அதன்பிறகு ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. மழையென்றும் பார்க்கமாட்டார், முழங்கால் வலியென்றும் பார்க்கமாட்டார். காலையிலேயே உடுத்துப் புறப்பட்டு, பகல் சோற்றுக்கு உலை வைப்பதற்குள் திரும்பிவிடுவார்.

அவர்தான் அன்று சொன்னார்: “நான் இனி வோட் போடப் போறதில்ல மகள். என்ட விரல்ல இனி அந்த மை படாது.”

சகோதரிகளே, இந்த வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருக்கலாம். இது சோம்பலில் வருகிற வார்த்தை அல்ல. மனம் நொந்து வருவது. ஆகவே மாமிக்கு உடனே புத்தி சொல்ல நான் முந்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

அவர் 2020ஐச் சொன்னார். அந்த வருடம் ஓகஸ்ட் 5ஆந் திகதி, கொரோனா பயத்தின் நடுவே, முகக்கவசம் போட்டு, சொந்தப் பேனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோம் அல்லவா? அந்த நேரமே நம் மையித்துகளை எரிக்கத் தொடங்கி மாதங்கள் ஆகியிருந்தன. ஏப்ரலில் வர்த்தமானியும் வந்துவிட்டது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் இங்கே கேட்பாரில்லை. பாராளுமன்றத்தில் நம் ஆட்கள் இருந்தால் நமக்காகப் பேசுவார்கள் என்ற ஓர் ஆசை வீட்டுக்கு வீடு இருந்தது. ஒக்டோபர் 22ஆந் திகதி, ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிரணியில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் அதற்கு ஆதரவாக நின்றார்கள். கட்சித் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்த விந்தையையும் அன்று பார்த்தோம். 156 வாக்குகளால் திருத்தம் நிறைவேறியது.

எரிப்பது நின்றதா? இல்லை. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு பச்சைக் குழந்தையைப் பொரளையில் எரித்தார்கள். கனத்தை மயானத்தின் கம்பிவேலியில் சனங்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். கட்டியவர்கள் நம்மவர் மட்டுமல்ல. சிங்களச் சகோதரிகளும் கட்டினார்கள், கன்னியாஸ்திரிகளும் நின்றார்கள். அனுமதி வந்தது 2021 பெப்ரவரி கடைசியில். அதன்பின்னும் கொழும்பில் மவுத்தானவரைக் கிழக்கே ஓட்டமாவடிவரை கொண்டுபோக வேண்டியிருந்தது. அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது 2024 ஜூலையில். அந்தக் குழந்தை இருந்திருந்தால் அப்போது நேர்சரிக்குப் போகிற வயது.

“கை தூக்கினவங்க வேற வேற மாவட்டத்து ஆக்கள் மாமி. உங்கட வோட் கொழும்பிலதானே விழுந்த?” என்று கேட்டேன். நியாயத்துக்கு அதையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் தெரிவான எதிரணி முஸ்லிம் உறுப்பினர்கள் அன்று எதிராகத்தான் வாக்களித்தார்கள். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். “வீடு எரியக்கொள்ள எந்த ஜன்னலால புகை வந்தா என்ன?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கிழமையே கொட்டாஞ்சேனைக்குப் போக நேர்ந்தது. என் சாச்சியின் மகள் அங்கே, ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். மாமி சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். “அவங்களுக்கு வோட் ஈக்கு. வாணாம்ங்கிறாங்க. எனக்கு வேணும் தாத்தா, ஆனா இல்லயே!”

அவளுடைய கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கக்கூடும்.

2024 செப்டெம்பர் 21, சனிக்கிழமை. ஜனாதிபதித் தேர்தல். வாக்காளர் அட்டை தபாலில் வரவில்லை. அட்டை வராவிட்டாலும் அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தாள். அது சரிதான். ஆகவே மூத்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கலியாணத்துக்கு முன் வாக்களித்த அதே பாடசாலைக்குப் போய் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் அதிகாரி இடாப்பைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். உம்மாவின் பெயர் இருந்தது, வாப்பாவின் பெயர் இருந்தது, தம்பியின் பெயரும் இருந்தது. இவளுடைய பெயர் இல்லை. பெயர் இடாப்பில் இல்லாவிட்டால் எந்த அடையாள அட்டையாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. பின்னால் நின்றவர்கள் பார்க்க, பிள்ளையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். “களவெடுத்து அம்பிட்டவ மாதிரி வெக்கமாப் போச்சு” என்றாள்.

என்ன நடந்தது? யாரும் சதி செய்யவில்லை. கிராம உத்தியோகத்தர் விபரம் கேட்டு வந்தபோது சாச்சி உண்மையைத்தான் சொன்னார்: “மகள் கலியாணம் முடிச்சு வேற வீட்டுக்குப் போயிட்டா.” பெயர் வெட்டுப்பட்டது. போன வீட்டிலோ, வாடகைக்குக் கொடுத்தவர் தன் குடும்பத்தின் பெயர்களை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். வாடகைக்காரரின் பெயரை எழுதினால் நாளைக்கு வீட்டைவிட்டு எழும்பமாட்டார்கள், வழக்குக்குப் போனால் அதுவே அத்தாட்சியாகிவிடும் என்று அவருக்குப் பயம். இப்படிப் பயப்படும் வீட்டுக்காரர்கள் கொழும்பில் கொஞ்சநஞ்சமல்ல. இடாப்பில் பெயர் இருப்பதால் வீடு யாருக்கும் சொந்தமாகிவிடாது. அவர் அங்கே சாதாரணமாக வசிக்கிறார் என்பதை மட்டுமே அது காட்டும். ஆனாலும் பயம் பயம்தான். ஆக, உம்மா வீட்டிலும் இல்லை, இருக்கும் வீட்டிலும் இல்லை என்று ஒரு பெண்ணின் பெயர் இரண்டு வீட்டுக்கும் நடுவே விழுந்துபோனது.

ஆண்களுக்கு இது குறைவாகவே நடக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? கலியாணத்தோடு முகவரி மாறுவது, பிள்ளைப் பேற்றுக்கு உம்மா வீட்டில் மாதக்கணக்கில் இருப்பது, கணவர் வெளிநாடு போனதும் திரும்ப உம்மாவோடு வந்து சேர்வது, எல்லாம் நமக்குத்தான். வீட்டுப் படிவத்தில் கையெழுத்து வைப்பது பெரும்பாலும் நாமல்ல. வாப்பாவோ, மாமாவோ, கணவரோ வைக்கிறார். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. எழுதும்போது மட்டும் மறந்துபோகிறது.

என் தங்கச்சி இந்த விஷயத்தை விளங்கிக்கொண்டதும் வோட்டினால் அல்ல, பாடசாலையினால். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க வழி கேட்டபோதுதான், பெற்றாரின் பெயர் தேருநர் இடாப்பில் ஐந்து வருடங்கள் தொடர்ந்து இருந்தால் அதற்குப் புள்ளி உண்டு என்று தெரியவந்தது. பாடசாலைக்காக இடாப்பைத் தேடுகிற நாம் வாக்குக்காக அதைத் தேடுவதில்லை. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நானும் முதன்முதலில் இடாப்பைப் போய்ப் பார்த்தது மகனை ஸ்கூலில் சேர்ப்பதற்காகத்தான்.

கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் திரும்பும்போது இந்த இருவரையும் நினைத்துக்கொண்டே வந்தேன். ஒருவர் இருப்பதை வேண்டாம் என்கிறார். இன்னொருத்தி இல்லாததற்கு ஏங்குகிறாள். மாமி சொல்கிறபடி வாக்கு ஒரு பயனும் இல்லாத காகிதம்தான் என்றால், ஆளுகிறவர்கள் அதைக் கண்டு ஏன் இவ்வளவு பயப்பட்டிருக்கிறார்கள்? நம் நாட்டின் கதையைப் பார்த்தால் அவர்கள் அதைப் பறித்திருக்கிறார்கள், ஒத்திப்போட்டிருக்கிறார்கள், அதற்குப் போகும் வழியை மறித்தும் இருக்கிறார்கள். பயனில்லாத ஒன்றுக்கா இத்தனை பாடு?

பெண்களுக்கு இங்கே வாக்கு சும்மா வந்துவிடவில்லை. 1927இல் கொழும்பில் பெண்கள் கூடி வாக்குரிமைச் சங்கம் அமைத்து, அடுத்த வருடம் டொனமூர் ஆணைக்குழு முன் போய் நின்று கேட்டார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது ஆணைக்குழு. கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேயடியாக 21 வயது என்று முடிவாகி, 1931இல் நம் உம்மும்மாமார் வாக்களித்தார்கள். அடுத்த வருடமே, கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதி நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணியை அரசாங்க சபைக்கு அனுப்பியது. நம் சமூகத்தில், கேரளத்தில் இருந்து வந்து முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப் அவர்கள் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகிப் பிரதி மேயராகவும் இருந்தார். இன்றைக்கு எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்?

கொடுத்ததைப் பறித்த கதை அதைவிட நீளம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத்துத் தேர்தல் சட்டத் திருத்தமும் சேர்ந்து, 1947இல் வாக்களித்த மலையகத் தோட்டத் தொழிலாளர்களை இடாப்பில் இருந்தே துடைத்தெறிந்தன. ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனங்கள் அடுத்த தேர்தலில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தச் சட்டம் தோட்டத்தோடு நிற்கவில்லை. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் அது பிடித்தது. தலைமுறையாக இங்கே தொழுது, இங்கே மையவாடியில் அடங்கியவர்களின் பிள்ளைகளும் நாங்கள் எந்த நாட்டார் என்று விண்ணப்பம் எழுதவேண்டி வந்தது. நாடற்றவர் என்ற சொல்லைத் துடைக்க 2003இலும் சட்டம் போடவேண்டியிருந்தது.

ஒத்திப்போட்ட கதையை மாமியே சொல்வார். 1977இல் முதல் வாக்கைப் போட்டவர், அடுத்த பாராளுமன்றத் தேர்தலைக் கண்டது 1989இல். நடுவே 1982 டிசம்பர் 22இல் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார்கள். விளக்குக்குப் போட்டால் இருக்கிற பாராளுமன்றம் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு வருடம் இருக்கும். குடத்துக்குப் போட்டால் தேர்தல் வரும். “விளக்கு எண்டதால நல்லதெண்டு நெனச்சுப் போட்டவங்களும் ஈக்காங்க” என்று மாமி சொல்லியிருக்கிறார். அவர் எதற்குப் போட்டார் என்று மட்டும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை.

வாடகை வீட்டுக்காரரின் பயத்தைச் சொன்னேன் அல்லவா? ஓர் ஆள் ஓர் இடத்தில் வசிக்கிறார் என்பதற்குக் கடதாசியில் அடையாளம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரு விடியற்காலையில் கண்டன. 2007 ஜூன் 7. லொட்ஜ்களில் தங்கியிருந்த வடக்கு கிழக்குத் தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, கொழும்பில் இருக்கத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். 376 பேர். அதில் 85 பேர் பெண்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அன்று அனுப்பப்பட்டவர்கள் வாக்குக் கேட்கவில்லை, இருக்க இடம்தான் கேட்டார்கள். ஆனால் “நீ இந்த இடத்து ஆள் இல்லை” என்று சொல்லும் வாய் ஒன்றுதான்.

அந்த வாயை நம்மவர்களும் கண்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை நினையுங்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். நகையையும் காணி உறுதியையும் வாசலில் பறித்துக்கொண்டார்கள். புத்தளத்துக் கொட்டில்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் கலியாணமும் முடித்துவைத்த பெண்கள், ஊரில் உள்ள தம் வாக்கைவிட மனமில்லாமல் இருந்தார்கள். வாக்கைப் புத்தளத்துக்கு மாற்றிக்கொண்டால் ஊருக்கும் தங்களுக்கும் உள்ள கடைசி நூலும் அறுந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் சொந்த ஊர் இடாப்பிலேயே பதிந்துகொள்ள 2017இல் ஒரு விசேட சட்டம் வந்தது.

2019 நவம்பர் 16 அதிகாலை, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு பஸ்கள் வரிசையாகப் போயின. தந்திரிமலைப் பக்கம் பாதையில் டயர் எரித்து மறித்து, பஸ்களுக்குக் கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். அல்லாஹ்வின் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. பொலிஸார் வந்து பாதையைத் திறந்து, காவலோடு அனுப்பிவைத்தார்கள். இதை மாமியிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் அதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

அண்மைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நீங்களே அதில் இருந்தீர்கள். 2022இல் கேஸ் வரிசையில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நின்ற பெண்கள் நாம். காலிமுகத்திடலில் சனம் கூடியது. ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். அடுத்தவரைப் பாராளுமன்றத்தில் இருந்தவர்களே 134 வாக்குகளால் தெரிவுசெய்தார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. சரி, 2023 மார்ச் 9இல் உள்ளூராட்சித் தேர்தல் வருகிறது, அப்போதாவது நாம் நினைப்பதைச் சொல்லலாம் என்று இருந்தோம். பணம் இல்லை என்றார்கள். ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். பிறகு திகதியே இல்லாமல் போயிற்று. வீட்டில் செலவுக்குக் காசில்லை என்றால் நாம் முதலில் எதை நிறுத்துவோம்? வேண்டாத செலவை. ஆளுகிறவர்களுக்கு வேண்டாத செலவு எது என்பது அன்று தெரிந்தது.

விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பு வந்தது. நிதியமைச்சராகவும் இருந்த அன்றைய ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவினரும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. பதவியில் இருக்கும் ஜனாதிபதியைப் பற்றி, ஒரு வாக்குக்காக! அந்தத் தேர்தல் இரண்டு வருடம் பிந்தி 2025 மே 6இல் நடந்தது. கொழும்பு மாநகர சபைக்கு மீண்டும் ஒரு பெண் மேயரானார். மாகாண சபைக்கோ, நம் மேல் மாகாணத்தில் 2014 மார்ச்சில் வாக்களித்ததுதான். அதற்குப் பிறகு பத்து வருடம் கடந்தும் பெட்டி வரவில்லை. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவுமில்லை. கேட்காததை எவரும் கொண்டுவந்து தருவதில்லை.

மாமி ஒருவர் மட்டும்தான் சலித்திருக்கிறார் என்றும் எண்ணாதீர்கள். 2024 செப்டெம்பரில் நூற்றுக்கு 79 பேர் வாக்களித்த நாட்டில், இரண்டே மாதம் கழித்துப் பாராளுமன்றத் தேர்தலில் 69 பேர்தான் வந்தார்கள். வராதவர்களில் எத்தனை பேர் கோபத்தில் வரவில்லை, எத்தனை பேர் என் தங்கச்சியைப்போல வர முடியாமல் நின்றார்கள், எத்தனை பேர் அரபு நாட்டில் யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில் நின்றார்கள் என்று கணக்கு யாரிடமும் இல்லை. அந்த வருடத்துத் தேர்தல்களிலும் வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க ஏற்பாடு இருக்கவில்லை. நாட்டுக்குக் காசு அனுப்பலாம், வாக்கு அனுப்ப முடியாது!

வாக்கு ஒரு சாட்சியம், அதை மறைப்பது தகாது என்று சொல்லும் உலமாக்கள் உண்டு. நல்லவரே நிற்காதபோது யாருக்கென்று சாட்சி சொல்வது என்று மாமி திருப்பிக் கேட்பார். அது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒருவருக்கும் போட மனம் வராவிட்டாலும், போடாமல் இருப்பது நாமே எடுக்கும் முடிவாக இருக்கட்டும். இடாப்பில் பெயர் இல்லாததால் வந்த முடிவாக இருக்கவேண்டாம். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

ஆகவே ஒரு சின்ன வேலை. கிராம உத்தியோகத்தர் வருகிற நாளில் கதவுக்குப் பின்னால் நின்று “அவர் வீட்டில் இல்லை” என்று அனுப்பிவிடாதீர்கள். படிவத்தை வாங்கி, கையெழுத்துக்கு முன் நீங்கள் ஒருமுறை வாசியுங்கள். பதினெட்டு வயது நிறைந்த மகள், புதிதாக வந்த மருமகள், உங்களோடு வந்து இருக்கும் மாமியார், மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள், ஒவ்வொருவராக எண்ணுங்கள். மகளைக் கட்டிக்கொடுத்திருந்தால், போன வீட்டில் பெயர் ஏறியதா என்று கேட்டுவிட்டு இங்கே வெட்டச் சொல்லுங்கள். திருத்த இடாப்பைக் கிராம உத்தியோகத்தரின் காரியாலயத்தில் பார்வைக்கு வைப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் அந்தக் காலத்துக்குள் எழுதிக் கோரலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை. அதற்கு முன் அத்தாட்சிப்படுத்திய இடாப்பைக் கொண்டுதான் தேர்தல் நடக்கும்.

என் தங்கச்சி இப்போது வீட்டுக்காரரின் மனைவியோடு பேசியிருக்கிறாள். ஆண்கள் இரண்டு வருடம் பேசி முடியாததை, அந்த அம்மா ஒரு தட்டு வட்டிலப்பத்துக்கும் கொஞ்சம் கதைக்கும் முடித்துக்கொடுப்பார்போல இருக்கிறது. படிவத்தில் பெயர் ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் நம்புவேன் என்கிறாள்.

மாமியின் படிவத்தைப் போன கிழமை நான்தான் நிரப்பிக்கொடுத்தேன். கண்ணாடி போட்டும் அவருக்கு எழுத்து மங்கல். மகன், மருமகள், பேரன் என்று வரிசையாக எழுதினேன். வீட்டோடு தங்கி வேலைக்கு நிற்கும் ஹட்டன் பிள்ளையைக் கூப்பிட்டு, “உன்ட பேரை ஊர்ல எழுதிருக்காங்களா?” என்று மாமி கேட்டார். அவள் தெரியாது என்றாள். “கேட்டுச் சொல்லு. அங்க இல்லாட்டி இங்க எழுதணும்” என்றார்.

கடைசியில், “உங்கட பேர் மாமி? வோட் போடப் போறதில்ல எண்டீங்களே, எழுதவா, விடவா?” என்று கேட்டேன்.

மாமி தஸ்பீஹை உருட்டிக்கொண்டே சொன்னார்: “எழுது. போடுறதும் போடாததும் பொறகு பாப்பம்.”